பாலத்துக்கு அந்தப் பக்கம்

முதலில் சிரித்தது நாங்கள்தான். 2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் அரசாங்கம் நோய் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தியது. வேலை முடிந்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிப் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்புவதற்குள் கைப்பேசியில் படங்கள் வந்து விழ ஆரம்பித்துவிட்டன. பேரங்காடிகளில் அரிசி மூட்டை இல்லை, மேகி மீ இல்லை, கழிப்பறைத் தாள் சுத்தமாக இல்லை. அன்று இரவு ஜொகூர் பாருவில், எங்கள் தாமான் குடியிருப்பின் மாமாக் கடையில் அதுதான் பேச்சு. "இவ்வளவு காசு வச்சிருக்கானுங்க, கழுவத் தண்ணி இல்லபோல" என்றார் ஒருவர். "தண்ணியும் நாமதானேய்யா குடுக்கிறோம்" என்றார் இன்னொருவர். மேசை அதிர்ந்தது. சில நாளில் அந்த ஊர் வர்த்தக அமைச்சர் சான் சுன் சிங் ஒரு மூடிய கூட்டத்தில் தன் மக்களையே கழுவி ஊற்றிய ஒலிப்பதிவு கசிந்து, சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கமும் சுற்றிவந்தது. அதையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்.

அடுத்த மாதம் அவர்கள் முறை. மார்ச் 16 இரவு முகிதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்றார். அவர் பிரதமராகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மகாதீர் பதவி விலகி, கட்சிகள் கூடு மாறி, ஆட்சி யாருடையது என்றே ஊருக்குப் பிடிபடாத நேரம். ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் சுமார் 16,000 பேர் கூடிய தப்லீக் மாநாட்டிலிருந்து நோய் நாடெங்கும் போயிருந்தது. மறுநாள் காலை எங்கள் ஊர்ப் பேரங்காடிகளில் வரிசை வாகன நிறுத்தம்வரை நீண்டது. என்னோடு வேலை செய்யும் சிங்கப்பூர்ச் சீனர் யாரோ அதைப் படமெடுத்து அனுப்பியதை எனக்கே அனுப்பி, கீழே ஒரு கழிப்பறைத் தாள் பொம்மையும் வைத்திருந்தார். பழி தீர்ந்தது.

பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு விலக்கு உண்டா என்பதுதான் எங்கள் கவலை. கொரோனாவுக்கு முந்தின காலத்தில் தினமும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்கள் அந்தப் பாலத்தைக் கடந்தார்கள். முதலில் விலக்கு உண்டு என்பதுபோல் பேச்சு வந்தது. பிறகு இல்லை என்றானது. போனால் அங்கே, இருந்தால் இங்கே. 17ஆம் தேதி மாலைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு மனைவியே முடிவு செய்தாள். "என்னங்க, இங்க உட்கார்ந்திருந்தா சம்பளம் வருமா? ரெண்டு வாரம்தானே. போங்க." சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு அப்போது மூன்று ரிங்கிட். அந்தக் கணக்குக்கு முன் வேறு கணக்கு நிற்காது. கட்டுப்பாட்டுக்கு மக்கள் பணிந்தார்கள், பணியவில்லை என்றெல்லாம் பிறகு ஆராய்ச்சி செய்தார்கள். அந்த மாலை பாலத்தின்மேல் தலையணையும் துணிப்பையுமாக நெரிந்துகொண்டு போன எங்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்களோ தெரியாது. ஆணை அமலுக்கு வருமுன் ஓடினோம், அதனால் மீறவில்லை. ஆணை வருகிறதென்றுதான் ஓடினோம், அதனால் கீழ்ப்படியவும் இல்லை.

இடம் கிடைக்காதவர்கள் கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு வெளியே அட்டை விரித்துப் படுத்தார்கள். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி என்று 14 இரவுக்கு முதலாளிகளுக்கு சிங்கப்பூர் அரசாங்கம் உதவித்தொகை அறிவித்தது. அதை வாங்கித் தங்குமிடம் பார்த்துத்தந்த முதலாளியும் உண்டு, கணக்கு எழுத மட்டும் தெரிந்த முதலாளியும் உண்டு. எனக்கு மார்சிலிங்கில் ஓர் அக்கா வீட்டில் அறை கிடைத்தது. தூரத்து உறவுகூட இல்லை. கோயிலில் பார்த்த பழக்கம்தான். அந்த அடுக்குமாடியின் நடைக்கூடத்தில் நின்றால் நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும். அதைப் பார்த்து நான் பெருமூச்செல்லாம் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வந்தது. பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. உணவில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் தீவு அது. முகிதீனோடு பேசிவிட்டேன், சரக்கு வரும் என்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் உறுதி சொன்னார். கோழிக்கும் கீரைக்கும் கட்டுப்பாடு இல்லை.

இரண்டு நாட்டு விதிகளும் எங்கள் வீட்டில் தொலைபேசியில்தான் சந்தித்துக்கொண்டன. மலேசியாவில் குடும்பத் தலைவர் ஒருவர் மட்டுமே பொருள் வாங்க வெளியே போகலாம் என்றார்கள். அதைத் தொடர்ந்து வந்த கூத்தை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். பாசாரில் ஆண்கள் கொத்தமல்லிக்கும் செலரிக்கும் வித்தியாசம் தெரியாமல் வீட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டுக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுத் தலைவன் பாலத்துக்கு அந்தப் பக்கம். மனைவி காரை எடுத்துக்கொண்டு போனாள். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர், கணவர் எங்கே என்று கேட்க, இவள் கையைத் தெற்கே காட்டி "சிங்கப்பூரா" என்றிருக்கிறாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, இன்றைக்கு நீ எத்தனாவது ஆளோ என்று விட்டுவிட்டாராம். மகளிர் அமைச்சு வீட்டிலிருந்து வேலை செய்யும் மனைவிமாருக்கு, கணவனிடம் டோரெமோன் குரலில் கொஞ்சிப் பேசச் சொல்லிப் படம் வெளியிட்டு, உலகமே சிரித்து, மன்னிப்புக் கேட்டதும் அப்போதுதான். இவள் அன்று இரவு அந்தக் குரலில் பேசினாள். மின்கட்டணம் கட்டச் சொல்லி.

சிரிப்புக்கு நடுவே ஒரு பெருமையும் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா திரையில் வந்து, குரல் உயர்த்தாமல் எண்ணிக்கையைச் சொல்லுவார். வீட்டில் அந்த நேரம் குழம்பு கொதித்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாளாம். "கித்தா ஜாகா கித்தா" என்று ஊரெல்லாம் பேச்சு. நம்மை நாமே பார்த்துக்கொள்வோம் என்று அக்கம்பக்கத்தில் சோறு சமைத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் நான்கு வாரமாகி, ஆறாகி, எட்டாகியும் முணுமுணுப்பு அதிகமில்லை. "நம்ம ஆளுங்க இவ்வளவு அடங்கி இருப்பாங்கன்னு நெனச்சீங்களா?" என்பாள். நான் நினைக்கவில்லை. யாரும் நினைக்கவில்லை.

சிங்கப்பூர் தன் ஆணைக்கு ஊரடங்கு என்று பெயர் வைக்காமல் சர்க்கிட் பிரேக்கர் என்று வைத்தது. ஏப்ரல் 7 முதல். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்து 300 வெள்ளி அபராதம், அதற்கு மேல் போனால் நீதிமன்றம். உணவங்காடி மேசைகளில் பெருக்கல் குறிபோல நாடா ஒட்டினார்கள். பாதுகாப்பு இடைவெளித் தூதர்கள் என்று ஆட்களை நிறுத்தினார்கள். மே மாதம் பீஷான் பூங்காவில் ஒரு மஞ்சள் இயந்திர நாய் நடந்துபோய் மக்களை விலகி நிற்கச் சொன்னது. அதை அக்காவிடம் காட்டினேன். "நல்லதுதானே தம்பி, அதுக்கு நோய் வராதுல்ல" என்றார். அக்காவின் போக்கு அப்படித்தான். அவுங்க சொன்னா காரணம் இருக்கும், முடிந்தது. வயது வந்த குடிமக்கள் எல்லாருக்கும் 600 வெள்ளி வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தபோது அந்தக் காரணம் இன்னும் உறுதிப்பட்டது. எங்கள் பக்கமும் பணம் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 ரிங்கிட். அதை விளக்க முகிதீன் வாழைப்பழப் பொரியல் விற்கும் மாக்சிக் கியா என்ற கற்பனைப் பெண்மணியைக் கொண்டுவந்து, ஒரே இரவில் அவளை நாட்டின் செல்லமாக்கிவிட்டார்.

அக்காகூடப் பொறுமை இழந்த நாள் ஒன்று உண்டு. ஏப்ரல் 21. இன்றிரவோடு பபிள் டீ கடைகளும் மூடப்படும் என்று அறிவித்தார்கள். அன்று மாலை தீவு முழுக்கப் பால் தேநீருக்கு வரிசை. அவருடைய மகனும் அந்த வரிசையில் போய் நின்றான். "நோய் வந்து சாவட்டும், ஜவ்வரிசி தின்னுட்டுச் சாவட்டும்" என்று அவர் கத்தினது கீழ்மாடிவரை கேட்டிருக்கும். அதற்கு முந்தின நாள்தான் சிங்கப்பூரில் ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று. அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 16 பேர்.

மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் ஒருவன் எனக்குத் தம்பிபோல. புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் கிடங்குக்குச் சாரம் கட்ட வந்தபோது பழக்கம். பொங்கோலில் எஸ்11 தங்கும் விடுதியில் இருந்தான். ஏப்ரல் 5 அன்று அதையும் தோ குவானில் இன்னொரு விடுதியையும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அரசிதழில் அறிவித்தார்கள். இரண்டிலுமாக ஏறக்குறைய 20,000 பேர். பிறகு எல்லா விடுதிகளும் மூடின. மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவன் அறையில் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில். "ஒரு மீட்டர் தள்ளி இருக்கணுமாம்ணே. மேல்கட்டில்காரன் தும்முனா எனக்கு அரை மீட்டர்" என்று சிரித்தான். சாப்பாட்டுப் பொட்டலம் ஆறிப்போய் வந்ததையும், பிறகு சரியானதையும், கம்பிவேலிக்கு அப்பால் நின்ற ஏதோ ஒரு மரத்தில் தினம் ஒரு மைனா வந்து உட்காருவதையும் சொல்லுவான். பேச வேறு விஷயம் இல்லை.

சுகாதார அமைச்சின் அன்றாட அறிக்கை இரண்டு எண்களாக வந்தது. சமூகத்தில் இத்தனை, விடுதிகளில் இத்தனை. சமூக எண் குறையக் குறைய ஊர் நிம்மதியானது. கட்டுப்பாட்டைச் சிங்கப்பூர் மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறவர்கள் அந்த முதல் எண்ணுக்குள் இருக்கிறவர்களைத்தான் கேட்டு எழுதினார்கள். ஜூனில் கடைகள் திறந்தன. ஜூலை 10 பொதுத்தேர்தல் நடந்தது. டிசம்பர் 28 முதல் எட்டுப் பேர்வரை சேர்ந்து உட்காரலாம் என்றானது. அதே டிசம்பரில்தான் விடுதித் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்ற கணக்கும் வெளியானது. அவர்கள் அப்போதும் வேலைக்கு லாரியில் போய் லாரியில் திரும்பி, மீதி நேரம் வேலிக்குள்தான் இருந்தார்கள். அவன் விதியை மீறியதில்லை. மீற எங்கே இடம்?

மாமாக் கடையில் முன்பெல்லாம் ஒரு வாதம் ஓடும். சிங்கப்பூர்க்காரன் பயந்தவன், சொன்னதைக் கேட்பான், மலேசியாக்காரன் எதையும் 'பாத்துக்கலாம்' என்பான், இரத்தத்திலேயே வித்தியாசம். கொரோனாக் காலத்தில் இதைப் பெரிய பத்திரிகைக்காரர்களும் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார்கள். தினம் பாலம் கடக்கிற எவனுக்கும் இது பொய்யென்று தெரியும். நானே ஜொகூர் பக்கம் சிவப்பு விளக்கில் இடதுபக்கமாக நழுவிப் போவேன். உட்லண்ட்ஸ் தாண்டினதும் கோட்டுக்குப் பின்னால் நிற்பேன். சம்பளம் அங்கே, அபராதமும் அங்கே. சிங்கப்பூர்க்காரர்கள் இதற்கு நேர்மாறு. அங்கே குப்பைத் தொட்டியைத் தேடிப் போகிறவர், எங்கள் நெடுஞ்சாலையில் ஏறினதும் மூன்றாம் தடத்தில் பறப்பார். அவர்களுக்கு விற்கக்கூடாத மானிய விலை ரான் 95 பெட்ரோலை எண் பலகையை மறைத்துக்கொண்டு போட்டுவிட்டுப் போவார். ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம், இரத்தமெல்லாம் அதற்குள் மாறிவிடாது. அந்தந்தக் கரையில் சட்டம் யாரைப் பிடிக்கும், யாரை விடும் என்று ஆளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மார்சிலிங்கில் நான் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்காததற்கும் காரணம் ஒழுக்கம் அல்ல. மே மாதம் ராபர்ட்சன் கீ ஆற்றோரத்தில் கூட்டமாக நின்று குடித்த வெளிநாட்டவர்களுக்கு ஆயிரக்கணக்கில் அபராதம் போட்டு, சிலருடைய வேலை அனுமதியையும் எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கே அந்தக் கதி. மலேசிய அனுமதிக்காரன் மூச்சுவிடுவானா? ஆனால் அக்கா அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "பாத்தியா, ஆளு பாத்துச் செய்யல" என்றார். அவர் குரலில் இருந்த திருப்தியை நான் நினைவில் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் மூன்று மாதம் கழித்து எங்கள் பக்கம் இல்லாமல்போனது அதுதான்.

2020 ஆகஸ்ட். கெடாவில் ஓர் உணவகக்காரர். இந்தியாவிலிருந்து திரும்பி, வீட்டில் தனிமையில் இருக்க வேண்டிய காலத்தில் கடைக்குப் போய்விட்டார். அவரிடமிருந்து பரவிய தொற்றுத்திரளுக்கு சிவகங்கா என்றே பெயர் வைத்தார்கள். ஐந்து மாதச் சிறை, 12,000 ரிங்கிட் அபராதம். என் மனைவி அந்த மனிதர்மேல் இரக்கம் காட்டவில்லை. "ஒரு ஆளு செஞ்சதுக்கு இப்ப எல்லாரும் நம்மளத்தான் பாக்குறாங்க" என்று கொதித்தாள். தண்டனை சரி என்பதுதான் அவள் கட்சி. ஒரு வாரம்கூட ஆகவில்லை. துருக்கிக்குப் போய்விட்டுத் திரும்பிய தோட்டத்தொழில் அமைச்சர் கைருடின் அமான் ரசாலி தனிமையில் இருக்கவே இல்லை, நாடாளுமன்றத்துக்கும் வந்து போனார் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் தெரசா கோக் அவையில் எழுப்பினார். அமைச்சர் 1,000 ரிங்கிட் அபராதம் கட்டினார். நான்கு மாதச் சம்பளத்தை நிதிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். பிறகு, தனிமைப்படுத்தும் படிவமே அவருக்குத் தரப்படவில்லை என்று சொல்லி, மேல் நடவடிக்கை இல்லாமல் கோப்பு மூடப்பட்டது. பி. ரம்லி 1960இல் எடுத்த படமொன்றின் பெயர் 'அந்தாரா துவா தர்ஜாட்', இரு வர்க்கங்களுக்கு நடுவே. நாடு முழுக்க அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்கள்.

எனக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன் இவள் என்னிடம் விதிகளைச் சொல்லும்போது ஒரு பொறுப்பு இருக்கும், பள்ளிக்கூட மானிட்டர் மாதிரி. அதற்குப் பிறகு, "இன்னைக்கு என்ன புதுசா சொல்லியிருக்காங்களோ" என்று ஆரம்பிப்பாள். செப்டம்பர் 26 சபா தேர்தல் வந்தது. பிரசாரத்துக்குப் போனவர்கள் கட்டாயத் தனிமை இல்லாமல் தீபகற்பத்துக்குத் திரும்பினார்கள். தொற்றின் மூன்றாவது அலையும் கூடவே திரும்பியது. ஐந்து மணிச் செய்திக்கு அவள் அடுப்பை அணைப்பதை எப்போது நிறுத்தினாள் என்று கேட்டதில்லை. ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் டாக்டரின் குரலுக்குப் பதில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது.

2021 ஜனவரி 12இல் அவசரகாலம். நாடாளுமன்றம் கூடாது. மறுநாள் ஜொகூர் உட்படப் பல மாநிலங்களில் மீண்டும் நடமாட்டக் கட்டுப்பாடு. அந்த மாதக் கடைசியில் தைப்பூசம். பத்துமலைக்கு வெள்ளி ரதம் போலீஸ் காவலோடு, பக்தர் கூட்டமில்லாமல் போனது. காவடி இல்லை. சிங்கப்பூரிலும் இல்லை, பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்கு நடைபயணம் இல்லை, கோயிலே தயாரித்த பால்குடத்தை முன்பதிவு செய்தவர்கள் வரிசையில் வாங்கிச் செலுத்தினார்கள். இரண்டு பக்கமும் விதி ஏறக்குறைய ஒன்றுதான். மன வருத்தம்தான் ஒன்றல்ல. இங்கே அக்கா தனக்குக் கிடைத்த நேரத்துக்குப் போய், கும்பிட்டு, வீட்டுக்கு வந்து தோசை ஊற்றினார். அங்கே கெடா மந்திரி பெசார் சனுசி, வெளியே போகத்தான் முடியாதே என்று சொல்லி அந்த மாநிலத்தின் தைப்பூச விடுமுறையையே ரத்து செய்துவிட்டார். காவடி எடுக்கக்கூடாது என்றதை எங்கள் சனம் தலையாட்டி ஏற்றுக்கொண்டிருந்தது. விடுமுறையைப் பிடுங்கியதைத் தாங்கவில்லை. ஜொகூரில் இருந்த என் மனைவிக்கு கெடா விடுமுறையால் ஒரு நட்டமும் கிடையாது; இரண்டு நாள் அதையே பேசினாள்.

பிப்ரவரியில் அதிகாரப்பூர்வப் பயணம் போய்த் திரும்பும் அமைச்சர்களுக்கு மூன்று நாள் கண்காணிப்பு போதும் என்று உத்தரவு வந்தது. மார்ச்சில் தனிநபருக்கான அபராதத்தின் உச்சம் 10,000 ரிங்கிட்டானது. அதே மாதம் கோத்தா பாருவில் நேரம் கடந்து கடை திறந்திருந்த ஒரு பர்கர் வியாபாரிக்கு 50,000 ரிங்கிட் எழுதினார்கள். ஒரு பர்கர் என்ன விலை, எத்தனை விற்றால் அது தேறும் என்று ஊரே கூட்டிப் பார்த்தது.

சிங்கப்பூர்ப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அதே ஜனவரியில், தொடர்பு கண்டறிய மட்டுமே என்று வாக்குக் கொடுத்த டிரேஸ்டுகெதர் தகவலைக் குற்ற விசாரணைக்குப் போலீசும் எடுக்கலாம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஜவ்வரிசி வரிசையில் நின்ற மகன் அன்றைக்குத் தன் டிரேஸ்டுகெதர் டோக்கனை அலமாரியில் எறிந்தான். அக்கா எடுத்து மறுபடியும் அவன் பையில் போட்டார். பேச்சில்லாமல் சில நாள் இது நடந்தது. பிப்ரவரியில் ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டு அடக்கினார்கள். ஆனால் அந்தப் பையன் அதற்கப்புறம் 'அவுங்க சொன்னா காரணம் இருக்கும்' என்று அம்மா ஆரம்பிக்கும்போது எழுந்துபோய்விடுவான். மே மாதம் டெல்டா வந்ததும் இந்தியர் என்றால் ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக ஆரம்பித்தது. சுவா சூ காங்கில் முகக்கவசத்தை இறக்கி வேகநடை போன ஓர் இந்தியப் பெண்ணை ஒருவன் இனத்தைச் சொல்லித் திட்டி நெஞ்சில் உதைத்தான். உடற்பயிற்சியின்போது இறக்கிக்கொள்ளலாம் என்பதுதான் விதி. பிரதமர் லீயே கண்டித்துப் பேசினார். அங்கேயே பிறந்து வளர்ந்த அக்கா அன்று மாலை நடைக்குப் போகவில்லை.

ஜூன் 1 முதல் மலேசியாவில் முழு முடக்கம். மாதக் கடைசியில் வெள்ளைக்கொடிகள் ஏறின. வீட்டில் சோறில்லை என்றால் கேட்க வெட்கப்பட வேண்டாம், ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், பார்க்கிறவர்கள் உதவுவார்கள் என்று மக்களே தொடங்கியது. கெடா மந்திரி பெசார் அதை அரசாங்கத்துக்கு எதிரான பிரசாரம் என்று ஒதுக்கினார். எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் ஒரு தலையணை உறை தொங்கியது. அந்த வீட்டுக்காரரும் பாலம் கடந்து வேலைக்குப் போனவர்தான். அந்த மார்ச் 17இல், குழந்தை சின்னது என்று ஜொகூரிலேயே தங்கிவிட்டவர். வேலை போய், கையிருப்பும் போயிருந்தது. என் மனைவி அரிசியும் முட்டையும் கொண்டுபோனபோது, அவர் மனைவி உறையை அவிழ்த்து மடித்து உள்ளே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாளாம். இதே ஊர்தான் ஓராண்டுக்கு முன் எட்டு வாரம் அடங்கியிருந்தது. என் சீன நண்பர், "உங்கள் ஊரில் மக்கள் ஏன் கேட்பதில்லை?" என்று வருத்தமாகத்தான் கேட்டார். கேட்டுக் கேட்டுத்தான் இப்படி ஆனோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சரியாகப் போய்ச் சேரவில்லை.

ஜூலை 26 ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து பதாகை பிடித்தார்கள். 31ஆம் தேதி கோலாலம்பூரில் இளையவர்கள் கறுப்புக்கொடியோடு ஊர்வலம் போனார்கள்; ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, முகக்கவசம் போட்டு. அரசாங்கத்தை எதிர்க்கும்போதும் அரசாங்கம் போட்ட விதிப்படி நின்ற கூட்டம் அது. ஆகஸ்ட் 16 முகிதீன் பதவி விலகினார். பத்து நாளில் ஒருநாள் தொற்று 24,599 என்ற அந்த ஆண்டின் உச்சத்தைத் தொட்டது.

நவம்பர் 29 தரைவழித் தடுப்பூசிப் பாதை திறந்தது. ஒரு பக்கத்துக்கு நாளொன்றுக்கு 1,440 பேர், பேருந்தில் மட்டும். மூன்று இலட்சம் பேர் நடந்த பாலத்துக்கு 1,440. இணையத்தில் சீட்டுப் போட உட்கார்ந்தவர்கள் இரண்டு நாட்டு அரசாங்கத்தையும் பாரபட்சமில்லாமல் திட்டினோம். அந்த விஷயத்தில் ஒற்றுமை முழுமையாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 நள்ளிரவில் பாலம் தடுப்பூசி போட்ட எல்லாருக்கும் திறந்தபோது ஹாரன் சத்தத்தோடு வண்டிகள் பாய்ந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மே மாதமே பழைய நெரிசலுக்குப் பழைய முனகல் வந்துவிட்டது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியும் அவரும் அதுவரை வீடியோவில்தான் பார்த்துக்கொண்டவர்கள். சாப்பாடு முடிவதற்குள் வாதம் தொடங்கிவிட்டது. "2021 முடியும்போது எங்க ஊர்ல செத்தது 828 பேரு. உங்க ஊர்ல முப்பத்தோராயிரத்துக்கு மேல" என்றார் அக்கா. ஆள்தொகை ஆறு மடங்கு என்றேன் நான். பெருக்கிப் பார்த்தாலும் சரிக்கட்டவில்லை என்பது எனக்கும் தெரியும். "உங்க ஊர்ல சட்டம் போட்டவங்க அதுக்குள்ள நின்னாங்க. எங்க ஊர்ல போட்டுட்டு வெளிய போயிட்டாங்க. நாங்க கேக்காமலா இருந்தோம்?" என்றாள் இவள். "எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒண்ணுதான் சட்டம்" என்று அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அப்போதுதான் புதுக்கோட்டைத் தம்பி அழைத்தான். ஒலிபெருக்கியில் போட்டேன். விடுதியை விட்டு வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற விதியை ஜூன் 24இல்தான் எடுத்திருந்தார்கள், அதுவும் முழுதாக இல்லை. ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால் தேக்கா என்கிற லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் நான்கு இடத்துக்கும் சீட்டு வேண்டும். "அண்ணே, நாளைக்குத் தேக்கா போக பாஸ் கெடச்சிருச்சு. ஊருக்கு அனுப்பச் சாமான் வாங்கணும், வர்றீங்களா? உங்களுக்கு எதுவும் பதிய வேணாம்ல?" என்றான். வேண்டாம், மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

"யாரு தம்பி அது?" என்றார் அக்கா. சொன்னேன்.

"தேக்கா போறதுக்கா பாஸு? இன்னுமா?"